சக்கரம் அழுதால் சும்மா விடாதீர்கள்!



போன இதழில் மாவடு கெடாமல் வைக்கும் விதத்தைப் பற்றிப் பேசினோம். இந்த இதழில் வேன் சக்கரம்! "இதென்ன கூத்து? சமையல்கட்டிலிருந்து நேரே மெக்கானிக் பட்டறைக்கா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். படித்து முடித்தபிறகு, இது நமக்கு வேண்டிய விஷயம்தானா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

தை மாசம் என் பிறந்த ஊரான கெங்குவார்பட்டிக்குப் போயிருந்தேன். கொடைக்கானல் மலைக்கு அடிவாரத்தில், மாந்தோப்பும் தென்னந்தோப்புமாக இருக்கிற ஊர். நான் பிறந்தபோது மதுரை ஜில்லா. 1996-ல் தேனி மாவட்டம் பிரிந்தபோது எங்கள் ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது. மலைக்கு ஏறுகிற ரோடு பிரிகிற காட்ரோடு எங்களுக்குப் பக்கத்தில்தான்.

என் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. அவளைக் கட்டிக் கொடுத்திருப்பது மலைமேல் பெருமாள்மலையில். வெள்ளிக்கிழமை காலையில் சாத வகைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். வளையல் போட்டு முடித்து, பிள்ளையைப் பிரசவத்துக்குக் கீழே அழைத்து வர வேண்டும். போக வர எல்லாவற்றுக்கும் அண்ணனின் பழைய வேன்தான். வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பதினைந்து வருஷம் முடிந்த சொந்த வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் அல்லவா? அதையெல்லாம் அண்ணன் ஒழுங்காகச் செய்து, பிள்ளையைப் போலத்தான் வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்புக்கு என்னை அழைக்க அண்ணனும் மதினியும் வேனில் வந்தார்கள். அண்ணன் ஓட்ட, நானும் மதினியும் பின்னால் உட்கார்ந்தோம். வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததுதான் தாமதம், 'ஊ...ம்ம்ம்' என்று ஒரு சத்தம். தூரத்தில் யாரோ ஒப்பாரி வைப்பது மாதிரி.

"என்ன மதினி இது சத்தம்?"

"அதுவா? ரெண்டு மாசமா இப்பிடித்தான் அழுதுக்கிட்டுக் கெடக்கு."

"அண்ணன்கிட்டச் சொல்லலையா?"

"சொன்னேன்த்தா. பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும், நீ சும்மா வான்னாரு. அப்புறம் நான் வாயத் தொறக்கல."

அண்ணனுக்குக் காது கேட்டுவிட்டது. முன்னாலிருந்தே சமாதானம் சொன்னார். "எனக்கு லேசாத்தான் கேக்குது. டயர் தேஞ்சிருக்கும்னு பின்னாடி ரெண்டு டயரும் புதுசாப் போட்டாச்சு. இன்னொரு பட்டறையில காட்டுனேன். கிரவுன் போயிருக்கு, மொத்தமா எறக்கணும்னு சொல்லி, கேட்ட ரூபாயில தலை சுத்திருச்சு. வளைகாப்பு முடியட்டும், பாத்துக்கலாம்."

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. டயருக்குச் செலவழித்தார், பட்டறையிலும் காட்டினார். விசேஷ நேரத்தில் கையிலும் காசு இருக்காது. ஆனால் வெள்ளிக்கிழமை அந்த வண்டியில் எட்டு மாசக் கர்ப்பிணி அல்லவா மலையிறங்கப் போகிறாள்? எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

கேட்கிற காது யாருடையது?

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது ஒரு விஷயம் எனக்குத் தட்டுப்பட்டது. 1984-ல் வந்து 2019 வரை தயாரான மாருதி ஆம்னி மாதிரியான வேன்களில் இன்ஜின் எங்கே இருக்கிறது தெரியுமா? முன்சீட்டுக்கு அடியில். எங்கள் அண்ணன் வேனும் அந்த மாதிரி அமைப்புதான். ஓட்டுகிறவர் இன்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். அந்த இரைச்சலில் பின்சக்கரத்துச் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்கும்? பின்சீட்டில், சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்? மதினி! ஆக, அந்த வண்டியின் சத்தத்தைப் பற்றிச் சொல்ல அந்த வீட்டிலேயே தகுதியான ஆள் மதினிதான். அவரைத்தான் "நீ சும்மா வா" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் சும்மா வந்துவிட்டார்.

எங்கள் அப்பாரு காலத்தில் மாட்டு வண்டி இருந்தது. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை செய்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியிலேயே தொங்கவிட்டிருப்பார். அச்சு லேசாகக் கத்தினாலும் போதும், நடுரோடு என்றாலும் வண்டியை நிறுத்திவிட்டு மை போட்ட பிறகுதான் மாட்டை அதட்டுவார். அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்று சும்மாவா சொன்னார்கள்? இன்றைக்கு வண்டி மைக்குப் பதில் கிரீஸ்; அச்சுக்குப் பதில் ஆக்சிலும் பேரிங்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பேரிங் என்றால் என்ன? இரண்டு இரும்பு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் வரிசையாக எஃகுக் குண்டுகள். கிரீசில் மிதந்துகொண்டு இந்தக் குண்டுகள் உருளுவதால்தான் சக்கரம் உராயாமல் சுற்றுகிறது. கிரீஸ் வற்றினாலோ, தண்ணீர் புகுந்தாலோ குண்டும் வளையமும் துருப்பிடித்துச் சொரசொரப்பாகிவிடும். அப்போதுதான் அது ஊளையிட ஆரம்பிக்கும்.

நாங்கள் செய்த பரீட்சைகள்

"அண்ணே, ஒரு அரை மணி நேரம் எங்க ரெண்டு பேரையும் வண்டியில கூட்டிட்டுப் போங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். தேவதானப்பட்டி போகிற ரோட்டில், நடமாட்டம் இல்லாத காலை வேளையில் கிளம்பினோம். என் கையில் நோட்டும் பேனாவும்.

முதல் பரீட்சை: சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது? வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறியது. சமமான, காலியான ரோடாகப் பார்த்து அண்ணன் ஒரு நிமிஷம் நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். இன்ஜின் அடங்கியது, ஊளை அடங்கவில்லை. ஆகவே அது இன்ஜின் சத்தம் இல்லை, உருளுகிற சாமான்களில் ஏதோ ஒன்று. (இந்தப் பரீட்சையைச் சரிவான ரோட்டிலோ மலைப்பாதையிலோ ஒருபோதும் செய்யாதீர்கள்!)

இரண்டாவது: ரோடு மாறினால் சத்தம் மாறுகிறதா? டயர் சத்தமாக இருந்தால் சொரசொரப்பான தாரில் ஒரு மாதிரியும், வழுவழுப்பான புதுத் தாரில் வேறு மாதிரியும் கேட்கும். எங்களுக்கு இரண்டிலும் ஒரே ஊளை. டயர் குற்றவாளி இல்லை. பாவம், அண்ணன் மாற்றிப் போட்ட டயர்கள்!

மூன்றாவது: பிரேக்கை மெல்ல அழுத்தினால்? ஒன்றும் மாறவில்லை. ஆகவே பிரேக் லைனரும் இல்லை.

நான்காவதுதான் முக்கியமானது. திரும்பும்போது என்ன ஆகிறது? வண்டி இடது பக்கம் திரும்பினால் பாரமெல்லாம் வலது பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். வலது பக்கம் திரும்பினால் இடது பக்கம் சாயும். பாரம் ஏறும்போது நோவு உள்ள பேரிங் அதிகமாகக் கத்தும். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மதினியே சொல்லிவிட்டார்:

"நம்ம தெருவுக்குள்ள இடது கைப் பக்கம் திரும்புறப்பத்தான் ரொம்பக் கத்தும்த்தா. தோட்டத்துக்கு வலது பக்கம் ஒடிக்கிறப்ப அடங்கிரும். என் கால்மாட்டுல, இந்தா, இந்த வலது பக்கந்தான் அதிரும்."

அண்ணன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?" என்றார். மதினி பதில் பேசவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கே விஷயம் உறைத்திருக்க வேண்டும். "சரி, தப்பு என் மேலதான்" என்றார் மெதுவாக.

கடைசியாக ஒன்று. ஐந்தாறு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் உபயோகிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பாகத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். தொடவில்லை, இட்லிப்பானை ஆவியைப் பார்ப்பது மாதிரிதான். மூன்று சக்கரமும் சாதாரணச் சூடு. பின்னால் வலது சக்கரம் மட்டும் அனலாக அடித்தது.

டாக்டரும் மெக்கானிக்கும்

அன்றே வத்தலக்குண்டில் ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனோம். அவர் வண்டியை உடனே தொடவில்லை. "சொல்லுங்க தாயி, எப்பயிருந்து கத்துது?" என்று மதினியைத்தான் கேட்டார்.

"ஐப்பசி மழையில ஓடைத் தண்ணி தரைப்பாலத்து மேல போச்சு. அதுக்குள்ள வண்டி கொஞ்ச நேரம் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ஆரம்பிச்சிச்சுங்கய்யா."

நான் நோட்டைப் பார்த்து மற்றவற்றையும் வாசித்தேன். பெரியவர் சிரித்துவிட்டார். "பாதி வேலையத் தாயியே முடிச்சிட்டாங்க. எல்லாரும் வந்து 'சத்தம் வருது, பாருங்க'ன்னு சாவியக் குடுத்துட்டுப் போயிருவாங்க. நாங்க இருட்டுல தேடணும்."

முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்தார். சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். இடது பக்கம் அசையவில்லை. வலது பக்கம் 'டக், டக்' என்று ஆட்டம் தெரிந்தது. பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஆக்சில் ஓரத்தில் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்துக்கொண்டு கேட்டார். எனக்குச் சட்டென்று ஸ்டெதாஸ்கோப் ஞாபகம் வந்தது. 1816-ல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர், ஒரு பெண்ணின் மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டாராம். அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்டெதாஸ்கோப். டாக்டரானாலும் மெக்கானிக்கானாலும் முதல் வேலை காது கொடுத்துக் கேட்பதுதான்!

சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை எடுத்து, ஆக்சிலை வெளியே உருவினார். பேரிங்கில் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பால் விட்ட காபி மாதிரி ஒரு சேறு. "தண்ணி கலந்தா கிரீஸ் இப்பிடித்தான் ஆகும்" என்றார். துடைத்துக் காட்டியபோது, வளையத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாகத் துரு. பக்கத்தில் இருந்த ஆயில் சீலும் வெடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் உள்ளேயிருந்து ஆயில் கசிந்து பிரேக் லைனரை நனைத்திருக்குமாம். ஆயில் பட்ட லைனர் பிடிக்காது. மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"இதோட கொடைக்கானல் போயிருந்தா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாமலும் வந்திருக்கலாம். குண்டு ஒடைஞ்சு சக்கரம் ஆக்சிலோட வெளிய வந்திருக்கவும் செய்யலாம். அதையெல்லாம் சொல்ல முடியாதுங்க" என்றார் பெரியவர்.

மதினி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பழுது பார்க்கும்போது நாம் கவனிக்க வேண்டியது

ஆக்சிலில் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும் பூண் வளையத்தை வெட்டி எடுத்து, புதுப் பேரிங்கையும் புது வளையத்தையும் லேத் பட்டறையில் பிரஸ் வைத்து ஏற்றினார்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுப் பேரிங்கே குழி விழுந்துவிடுமாம். ஆகவே, "பிரஸ்ல ஏத்துவீங்களா, அடிச்சு ஏத்துவீங்களா?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

பேரிங் மாற்றும்போது சீலையும் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். மழையில் கூரை ஒழுகி அரிசி நனைந்துவிட்டது. கூரையை விட்டுவிட்டு அரிசியை மட்டும் மாற்றினால் ஆகுமா?

பேரிங்கின் ஓரத்தில் ஒரு நம்பர் பொறித்திருக்கும். பழையதிலும் புதியதிலும் அந்த நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் குண்டுப் பேரிங்குகளில் இந்த நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் துவாரத்தின் அளவு மில்லிமீட்டரில் வரும். உதாரணமாக 6206 என்றால் ஆறைந்து முப்பது, முப்பது மில்லிமீட்டர். (கடைசி இலக்கங்கள் 04-ம் அதற்கு மேலும் இருந்தால்தான் இந்தக் கணக்கு.) இது பட்டறைக்காரர்களின் ரகசியமில்லை, நம் வாய்ப்பாடுதான்!

கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் தானாகவே காட்டுவார். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக முடுக்க வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு தடவை மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும்.

பேரிங், சீல், லேத் கூலி, பெரியவர் கூலி எல்லாம் சேர்த்தும், அண்ணன் வாங்கிய இரண்டு டயர் விலையில் பாதிகூட ஆகவில்லை. கிரவுனை யாரும் இறக்கவுமில்லை.

எந்தச் சத்தம், எதனால்?

பெரியவரிடம் கேட்டுக் குறித்து வந்ததை உங்களுக்கும் தருகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

* வேகத்தோடு ஏறும் ஊளை, திரும்பும்போது கூடிக் குறைந்தால்: பேரிங். எந்தப் பக்கம் திரும்பும்போது கூடுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரத்தை முதலில் பாருங்கள்.

* ரோடு மாறினால் மாறும் 'விர்ர்' சத்தம்: டயர் ஏறுமாறாகத் தேய்ந்திருக்கும். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் டயர்தான்.

* சக்கரம் சுற்றச் சுற்ற ஒரே தாளத்தில் 'டிக், டிக்': டயர் இடுக்கில் கல்லோ, ஆணியோ. கல் என்றால் நாமே எடுத்துவிடலாம். ஆணி என்றால் பிடுங்காமல் பஞ்சர் கடைக்குப் போங்கள்.

* பிரேக் போட்டால் 'கீச்': தூசியாகவும் இருக்கலாம், லைனர் தேய்ந்தும் இருக்கலாம். 'கரகர' என்று இரும்போடு இரும்பு உரசினால் தாமதமே கூடாது. லைனர் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

* பள்ளத்தில் இறங்கினால் மட்டும் 'தடக்': ஷாக் அப்சார்பர், புஷ், அல்லது கமான் பட்டை.

* மெதுவாகப் போகும்போதே 'கடகட' என்று சக்கரம் ஆடுகிற மாதிரி இருந்தால்: உடனே நிறுத்துங்கள். நட்டு கழன்றிருக்கலாம். வீடு வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. சுற்றுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் போகும்போது முந்தானையை இடுப்பில் செருகி, துப்பட்டாவைக் கழற்றி வைத்து, பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கவே கூடாது. ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்கிற வேலை மெக்கானிக்குடையது. நமக்கு நம் காது போதும்.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலையில் புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம் எல்லாம் தூக்குச்சட்டிகளில் ஏற்றிக் கிளம்பினோம். முதல் உலகப் போர் சமயத்தில்தான் இந்த மலைப்பாதையில் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. அதற்கு முன்னால் மேலே போனவர்கள் நடந்தும், குதிரையிலும், டோலியிலும்தான் போனார்கள். எங்கள் அப்பத்தா அவருடைய அப்பத்தா சொன்னதாகச் சொல்லும் டோலிக் கதைகள் ஒரு இதழுக்குக் காணாது!

டம் டம் பாறையில் நிறுத்தி, எதிர் மலையில் எலிவால் மாதிரி தொங்கும் தலையாறு அருவியைப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஆயிரம் அடி உயரம். வண்டி நின்றதால் அல்ல, ஓடும்போதே அமைதியாக இருந்தது. மதினி அடிக்கடி கால்மாட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அதிருதா?" என்று அண்ணன் முன்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். "இல்லைங்க" என்று மதினியும் சொல்லிக்கொண்டே வந்தார். ரெண்டு மாசத்துக்குச் சேர்த்துக் கேட்டார் போலிருக்கிறது!

இறங்கும்போது பிள்ளையை நடுசீட்டில் வைத்தோம். பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டிப் போட்டோம். மேல்பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே, வயிற்றின் ஓரமாக வர வேண்டும். கர்ப்பிணிகள் பெல்ட் போடக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள், அது தப்பு. எட்டு, ஒன்பது மாசத்தில் பயணத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம். அண்ணன் இரண்டாவது கியரிலேயே, எந்த கியரில் ஏறினோமோ அதிலேயே, மெள்ள இறக்கினார். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டு இடத்தில் நிறுத்தி, பிள்ளையை இறக்கிக் கொஞ்சம் நடக்கவிட்டோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கெங்குவார்பட்டி வாசலில் ஆரத்தி எடுத்தாயிற்று.

இன்னொரு சத்தம்

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அன்று ராத்திரி மாடிக்குப் பாய் எடுத்து வந்த மதினி, பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வயது நாற்பத்தெட்டுதான்.

"என்ன மதினி?"

"ஒண்ணுமில்லத்தா. வயசானா மூச்சு வாங்கத்தான் செய்யும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்' என்று அண்ணன் சொன்னாரே, அதே வார்த்தை! இந்தத் தடவை சொல்லிக்கொண்டது அவருக்கு அவரே. பக்கத்தில் உட்கார வைத்து, பெரியவர் கேட்ட மாதிரியே கேட்டேன். எப்போதிலிருந்து? என்ன செய்தால் கூடுகிறது? கூடவே வேறு என்ன? கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஒரு வருஷமாகவே மாதவிலக்கு பத்து நாள் வரை நீள்கிறது, படபடப்பு, நின்றால் கண் இருட்டுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. "வீட்டுல விசேஷம், இப்பப் போயி..." என்றார்.

திங்கட்கிழமை பெரியகுளம் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் எட்டு கிராம். பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தாலே ரத்தசோகை என்று கணக்கு. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதோடு விடவில்லை, ரத்தப்போக்கு ஏன் நீள்கிறது என்று பார்க்க ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். சீல் வெடித்திருக்க, கிரீசை மட்டும் நிரப்பினால் போதாது அல்லவா?

அண்ணன் வெளியே வராந்தாவில் காத்திருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையும் நான்தான் கவனிச்சிருக்கணும்" என்றார். "நீங்க முன்சீட்டுல இருக்கீங்க. நானே சொல்லியிருக்கணும்" என்றார் மதினி.

ஸ்கூல் வேனில் போகிற உங்கள் பிள்ளைகளையும் இன்றைக்கே கேளுங்கள்: "வண்டியில ஏதாவது சத்தம் வருதா? எந்தப் பக்கம்?" அவர்களும் பின்சீட்டுக்காரர்கள்தானே! சொன்னால் குறித்துக்கொண்டு போய் டிரைவரிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வண்டி எந்தச் சத்தம் போட்டது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த இதழில், கோடைக்கு முன் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் முறையோடு சந்திக்கிறேன். வணக்கம்!